மந்தேக்கா என்றால் வெண்ணெயா, பன்றிக் கொழுப்பா?

ஸ்பானிய மொழியில் எழுதிய உணவுத் திட்டம் ஒன்றில் "மந்தேக்கா, 10 கிராம்" என்று ஒரு வரி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவீர்கள்?

தாள் புவேனோஸ் ஐரிஸிலிருந்து வந்ததென்றால் அது வெண்ணெய். பட்டர் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். மெக்சிகோவிலிருந்து வந்ததென்றால் பன்றிக் கொழுப்பு, லார்ட் என்றுதான் எழுத வேண்டும். ஸ்பெயினிலும் வெறுமனே மந்தேக்கா என்றால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்புதான். வெண்ணெய்க்கு அங்கே மந்தேக்கியா என்று தனிச்சொல் புழங்குகிறது. வெண்ணெயில் கொழுப்பு 80 விழுக்காட்டை ஒட்டி, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். 100 கிராமுக்கு 720 கிலோகலோரி போல வரும். பன்றிக் கொழுப்பு முழுக்க முழுக்கக் கொழுப்பு, 900 கிலோகலோரி. வெண்ணெயில் வைட்டமின் ஏ நிறைய. மற்றதில் இல்லையென்றே சொல்லலாம். நிறைவுற்ற கொழுப்பு மட்டும் வெண்ணெயில்தான் கூடுதல்: 100 கிராமில் 50 கிராமை ஒட்டி. பன்றிக் கொழுப்பில் 40 கிராமை ஒட்டி. பன்றி உண்ணாத வாசகர் கையில் இந்தத் தாள் கிடைத்தால் என்ன ஆகும் என்பது தனிக் கதை.

சமையல் குறிப்பில் சொல் தவறினால் பண்டம் வேறாகிப்போகும், அவ்வளவுதான். ஊட்டச்சத்து உரையில் ஒவ்வோர் உணவுப் பெயருக்குப் பின்னாலும் ஓர் எண் இருக்கிறது. பெயர் மாறியபின் அந்த எண் இன்னும் அதே பொருளுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்தான் மொழிபெயர்ப்பாளரின் பாதி நேரம் போகும், போகத்தான் வேண்டும். எண் கைகொடுப்பதும் உண்டு. அட்டவணையில் மந்தேக்காவுக்கு நேரே 720, 740 போல இருந்தால் அது வெண்ணெய். 900 என்றால் பன்றிக் கொழுப்பு. அகராதி சொல்லாததை அடுத்த கட்டத்தில் இருக்கும் எண் சொல்லிவிடும்.

அதனால் முதல் வேலை, உரை எந்த நாட்டுடையது என்று பிடிப்பது. அட்டையில் எழுதியிருக்காவிட்டாலும் உள்ளே தடயம் கிடைக்கும். உருளைக்கிழங்கு பத்தாத்தா என்றிருந்தால் ஸ்பெயின், பாப்பா என்றால் லத்தீன் அமெரிக்கா. பழச்சாறு சூமோ என்றால் ஸ்பெயின், ஹூகோ என்றால் மற்றவை. வேர்க்கடலை காக்காவெத்தே என்றால் ஸ்பெயின், காக்காவாத்தே என்றால் மெக்சிகோ, மானி என்றால் தென் அமெரிக்கா அல்லது கரீபியன். தசம இடத்தில் காற்புள்ளி இருக்கிறதா புள்ளி இருக்கிறதா என்பதும் ஒரு துப்பு.

நாடு தெரிந்தபின் பல முடிச்சுகள் தாமாக அவிழும். தோர்த்தியா ஸ்பெயினில் முட்டையும் உருளைக்கிழங்கும் எண்ணெயும் சேர்ந்த ஆம்லெட். மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டி, அதில் முட்டையே கிடையாது. பிளாத்தனோ ஸ்பெயினில் வாழைப்பழம்; கரீபியனிலும் கொலம்பியாவிலும் சமைத்துச் சாப்பிடும் வாழை, பிளான்டெயின். பச்சையாக 100 கிராமுக்கு முன்னது 89 கிலோகலோரி, பின்னது 120ஐத் தாண்டும். லிமோன் ஸ்பெயினில் மஞ்சள் நிற லெமன். மெக்சிகோவில் நம் எலுமிச்சையைப் போன்ற சிறிய பச்சை லைம். நீஸ்பெரோ ஸ்பெயினில் லோக்வாட் பழம். வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் அதே சொல் நம் சப்போட்டாவைக் குறிக்கும். லோக்வாட்டுக்கு 47 கிலோகலோரி, சப்போட்டாவுக்கு 83. மெக்சிகோக்காரர்கள் சப்போட்டாவைச் சிகோசபோத்தே என்பார்கள். நம் சொல்லுக்கும் மூலம் அந்த சபோத்தேதான். ஊர் சுற்றி வந்த பெயர்.

தூனாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் டூனா எனப்படும் சூரை மீனுக்கு ஸ்பானிய மொழியில் பெயர் அத்தூன். தூனா என்றால் சப்பாத்திக்கள்ளிப் பழம், ஆங்கிலத்தில் பிரிக்லி பேர். நீண்ட வாக்கியத்தில் இது யாரையும் ஏமாற்றாது. ஆனால் ஊட்டச்சத்து உரையில் பாதி அட்டவணைகள்தான். "தூனா, 2 துண்டு" என்று ஒற்றை வரியாக வரும்போது முன்பின் சூழலே இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பும் அவசரக் கையும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அவரை, பயறு வகைகளில் சிக்கல் இன்னும் ஆழம். காய்ந்த பீன்ஸுக்கு ஸ்பெயினில் ஹூதியா, அலூபியா, மெக்சிகோவில் ஃப்ரிஹோல், அர்ஜென்டினாவிலும் சிலியிலும் பொரோத்தோ, வெனிசுவேலாவில் கராவோத்தா, புவேர்த்தோ ரிக்கோவில் அபிச்சுவேலா. இந்தக் கடைசிச் சொல் கொலம்பியாவுக்குப் போனால் பச்சை பீன்ஸ் ஆகிவிடும். வேகவைத்த காய்ந்த பீன்ஸ் 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கிலோகலோரி. பச்சை பீன்ஸ் 35ஐத் தொடுவதே பெரிது. அறிவியல் பெயரை ஒட்டினால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: இரண்டுக்குமே ஃபேசியோலஸ் வல்காரிஸ் என்ற ஒரே பெயர்தான். இனம் தெரிந்தால் போதாது. எந்தப் பாகம், எந்தப் பருவம், எந்தப் பதம் என்பதையும் எழுத வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயரான லெகும்ப்ரேஸை லெகியூம் என்று எழுதுவது தவறில்லை என்றாலும், பல இடங்களில் பல்ஸ் என்பதே பொருத்தம். உலரவைத்த மணிகளுக்கு அதுதான் சொல். ஐ.நா. 2016ஐச் சர்வதேசப் பயறு ஆண்டாக அறிவித்தபோது ஸ்பானிய அறிவிப்பில் லெகும்ப்ரேஸ், ஆங்கில அறிவிப்பில் பல்சஸ். அமெரிக்கப் பொதுமக்களுக்கான கையேடு என்றால் அந்தச் சொல்லும் அன்னியமாகத் தெரியும். அந்நாட்டு அரசின் 2020–2025 உணவு வழிகாட்டி பயன்படுத்தியது "பீன்ஸ், பட்டாணி, லென்டில்" என்ற நேர்ப்பெயர்களை.

மக்காச்சோள மாவை வைத்தே ஒரு நாள் முழுக்கப் பேசலாம். ஹரீனா தே மாயிஸ் என்பது மெக்சிகோவில் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவாக இருக்கலாம். வெனிசுவேலாவில் அரேப்பா ரொட்டிக்காக முன்பே வேகவைத்து உலர்த்திய மாவு. ஸ்பெயினில் வெறும் சோள மாவு. ஆங்கிலத்துக்கு வந்தால் இன்னொரு குழி: கார்ன் ஃப்ளோர் என்பது அமெரிக்காவில் நைசாக அரைத்த சோள மாவு, பிரிட்டனில் வெறும் ஸ்டார்ச். நம் ஊர் மளிகைக் கடையில் அந்தப் பெயரில் கிடைக்கும் வெள்ளைத் தூளும் ஸ்டார்ச்தான்; சூப் கெட்டியாக்கப் போடுவோமே, அது. ஸ்டார்ச்சில் புரதமும் நார்ச்சத்தும் ஏறக்குறைய இல்லை. ஆகவே பிரிட்டிஷ் வாசகருக்கு மெய்ஸ் ஃப்ளோர் என்றும், மைசேனாவை (சோள ஸ்டார்ச்சுக்கு ஸ்பானிய மொழியில் புழங்கும் வணிகப் பெயர்) கார்ன்ஃப்ளோர் என்றும் பிரித்து எழுதுங்கள். அமெரிக்கருக்கு மைசேனா கார்ன்ஸ்டார்ச்.

சுண்ணாம்பு நீரில் வேகவைப்பதில்தான் மெக்சிகோ தோர்த்தியாவுக்குக் கால்சியம் கூடுகிறது. மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசினும் விடுபடுகிறது. ஸ்பானிய உரை இதை "கால் சேர்த்து வேகவைத்த சோளம்" என்று சொல்லும். கால் என்றால் சுண்ணாம்பு. ஆங்கிலத்தில் லைம். வாசகர் எலுமிச்சையைப் பிழியக் கிளம்பிவிடுவார்! ஃபுட்-கிரேடு கால்சியம் ஹைட்ராக்சைடு என்று முழுதாக எழுதிவிடுவதே நல்லது.

மீன் பக்கம் வந்தால், பெஸ்காதோ அசூல் என்பதை நீல மீன் என்று பெயர்க்கக் கூடாது. அது ஆயிலி ஃபிஷ்: மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற கொழுப்பு மீன்கள். ஆங்கிலத்தில் புளூஃபிஷ் என்பது தனியொரு இனம். பொனீத்தோ தெல் நோர்த்தே என்பதும் ஆங்கிலத்தில் பொனிட்டோ கிடையாது, அல்பகோர் சூரை. கர்ப்பிணிகளுக்கான பாதரச எச்சரிக்கையில் இது முக்கியம். அமெரிக்க அரசின் பட்டியலில் அல்பகோர் ஒரு வரிசையிலும் டின்னில் வரும் லைட் டூனா இன்னொரு வரிசையிலும் இருக்கின்றன. பொக்கெரோனும் அன்ச்சோவாவும் உயிரியலில் ஒரே நெத்திலி இனம். முன்னது பச்சையாகவோ வினிகரில் ஊறியோ வரும், பின்னது உப்பில் பதப்படுத்தியது. இரண்டுக்கும் ஆங்கோவி என்று போட்டுவிட்டுப் போனால் சோடியத்தின் கணக்குப் பல மடங்கு புரளும்.

ஹமோனும் அப்படித்தான். ஹமோன் செர்ரானோ உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை. ஹமோன் கொசீதோ வேகவைத்தது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்றுக்கு அஞ்சும் கர்ப்பிணிக்கு உலர்த்தியதைத் தவிர்க்கச் சொல்வார்கள், வேகவைத்ததில் அந்த அச்சம் இல்லை. வெறும் ஹாம் என்ற சொல் இரண்டையும் விழுங்கிவிடும். அர்ஜென்டினா உரையில் ஹமோன் க்ரூதோ என்று வந்தால் சொல்லுக்குச் சொல் பச்சை ஹாம். பொருளோ உலர்த்திப் பதப்படுத்தியது, டிரை-கியூர்டு.

இதே க்ரூதோ என்ற சொல் இன்னோர் இடத்திலும் தொல்லை தரும். "60 கிராம் அரிசி என் க்ரூதோ" என்றால் சமைக்கும் முன் எடை 60 கிராம் என்று பொருள். ரா ரைஸ் 60 கிராம் என்று எழுதினால் அரிசியைச் சமைக்காமலே தின்னச் சொல்வது போலிருக்கும். அதைவிட மோசம், திருத்துபவர் "ரா" எதற்கு என்று அடித்துவிடுவார். சமைக்காத 60 கிராம் அரிசியில் 215 கிலோகலோரியை ஒட்டி இருக்கும். சமைத்த சோறு 60 கிராம் என்றால் 80கூட வராது. டிரை வெயிட், அன்குக்டு வெயிட் என்று எடையோடு சேர்த்து எழுதுங்கள். அட்டவணைத் தலைப்பில் போர்சியோன் கொமெஸ்தீப்லே என்று கண்டால் எடிபிள் போர்ஷன், அதாவது தோலும் கொட்டையும் முள்ளும் நீக்கிய பகுதி. பரிமாறும் அளவு என்ற பொருளில் போர்ஷனைப் புரிந்துகொண்டுவிடாதீர்கள்.

இதுவரை சொன்னவற்றைக் கவனமுள்ளவர் எவரும் பிடித்துவிடுவார். சொல் சரியாக இருந்தும் பொருள் தவறுவது மாவுச்சத்தில். ஸ்பானிய லேபிளின் இத்ராத்தோஸ் தே கார்போனோவுக்குக் கார்போஹைட்ரேட் என்பது சரியான சொல். ஆனால் ஐரோப்பியச் சட்டப்படி அந்த எண்ணில் நார்ச்சத்து சேராது, அது தனி வரி. அமெரிக்க லேபிளின் டோட்டல் கார்போஹைட்ரேட்டில் நார்ச்சத்தும் அடக்கம். ஸ்பெயின் ஓட்ஸ் பொட்டலத்தில் மாவுச்சத்து 59 கிராம், நார்ச்சத்து 10 கிராம் என்றிருந்தால், அமெரிக்க முறையில் டோட்டல் கார்போஹைட்ரேட் 69 ஆகும். அமெரிக்காவில் நீரிழிவுக்காரர்களில் பலர் மொத்தத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்துக் கணக்குப் போடுகிறார்கள். ஸ்பானிய எண் 59ஐ டோட்டல் என்ற பெயரில் கொடுத்தால் அதிலிருந்தும் 10ஐக் கழித்து 49 என்பார்கள். ஏற்கெனவே கழித்ததை இரண்டாம் முறை கழிக்கிறார்கள். அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். மெக்சிகோ லேபிளில் "இத்ராத்தோஸ் தே கார்போனோ திஸ்போனீப்லெஸ்" என்றே இருக்கும், அவெய்லபிள் கார்போஹைட்ரேட் என்று பெயர்த்தால் போதும். ஸ்பெயின் உரைக்கு "நார்ச்சத்து நீங்கலாக" என்று ஓர் அடிக்குறிப்பு கட்டாயம். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

ராசியோன் இதைவிட ஆபத்தானது. ஸ்பெயினில் நீரிழிவுக் கல்வித் தாள்களில் ஒரு ராசியோன் என்பது 10 கிராம் மாவுச்சத்து. பிரிட்டனிலும் கார்போஹைட்ரேட் போர்ஷன் 10 கிராம் என்பது வழக்கு. அமெரிக்காவின் கார்ப் சாய்ஸ் அல்லது கார்ப் சர்விங் 15 கிராம். "மதிய உணவுக்கு 4 ராசியோன்" என்பதை அமெரிக்கருக்கு "4 சர்விங்" என்று கொடுத்தால் 40 கிராம் 60 ஆகிவிடும். இங்கே சொல்லை நம்பாமல் கிராமில் எழுதுவதே வழி: 40 கிராம் கார்போஹைட்ரேட். வேறெங்கும் ராசியோன் வந்தால், சாதாரணமாக சர்விங் அல்லது போர்ஷன் போதும்.

உப்பிலும் அப்படி ஒரு நழுவல். ஐரோப்பிய லேபிளில் சால், அதாவது உப்பு, கிராமில். மெக்சிகோ, அமெரிக்க லேபிள்களில் சோடியம், மில்லிகிராமில். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. மொழிபெயர்ப்பாளர் மாற்றிக் கணக்கிடலாமா? உரையில் இருப்பதை அப்படியே பெயர்த்து, மாற்றிய எண்ணைத் தனியே குறிப்பாகக் கொடுப்பதுதான் முறை. வைட்டமின் ஏவில் அந்தக் குறிப்புகூட எளிதில்லை. ரெட்டினால் ஈக்குவலன்ட் என்பதும் அமெரிக்கர்களின் ரெட்டினால் ஆக்டிவிட்டி ஈக்குவலன்ட் என்பதும் வேறு அலகுகள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை முன்னது ஆறில் ஒரு பங்காக எண்ணும், பின்னது பன்னிரண்டில் ஒரு பங்காக. பெயரை மட்டும் மாற்றினால் கேரட்டின் வைட்டமின் இரட்டிப்பாகிவிடும்.

லேபிளில் வரும் உரிமைக்கூற்றுகளும் சட்டச் சொற்களே. ஃபுவெந்தே தே ஃபீப்ரா என்றால் 100 கிராமில் குறைந்தது 3 கிராம் நார்ச்சத்து. ஆங்கிலத்தில் சோர்ஸ் ஆஃப் ஃபைபர். "குட் சோர்ஸ்" என்று அழகுபடுத்தினால் அமெரிக்காவில் அதற்குத் தனி வரையறை இருக்கிறது, நாள் தேவையில் 10 முதல் 19 விழுக்காடு. ஆல்த்தோ கொந்தெனீதோ என்றால் குறைந்தது 6 கிராம், ஹை ஃபைபர். சர்க்கரை சேர்க்காததும் சர்க்கரையே இல்லாததும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2016 முதல் சிலியில் உணவுப் பொட்டலங்களின் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரைகளில் இருப்பது ஆல்த்தோ என், ஹை இன். 2020 அக்டோபர் முதல் மெக்சிகோவில் வந்தது எக்ஸேசோ, எக்ஸஸ். சீராக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். எக்ஸேசோ என்று சற்றுக் கடுமையாகச் சொல்வது அந்தச் சட்டத்தின் தேர்வு.

ஒவ்வாமைப் பட்டியலில் ஸ்பெயினின் ஃப்ரூத்தோஸ் சேக்கோஸ் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உலர்பழம் என்று வரும். அது நட்ஸ். அர்ஜென்டினாவில் ஃப்ரூத்தாஸ் சேக்காஸ் நட்ஸ், ஃப்ரூத்தாஸ் தெசெக்காதாஸ் உலர்பழம். ஐரோப்பியச் சட்டத்தில் மரக்கொட்டைகளுக்கு ஃப்ரூத்தோஸ் தே காஸ்கரா என்று தனிச்சொல்; வேர்க்கடலை அதில் அடங்காது, தனி ஒவ்வாமைப் பொருள். நுவேஸ் ஸ்பெயினில் வால்நட், மெக்சிகோவில் பெக்கன். அங்கே வால்நட்டை நுவேஸ் தே காஸ்தீயா என்பார்கள். இரண்டின் கலோரியும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. புரதத்தைப் பாருங்கள்: 100 கிராமில் 15 என்றால் வால்நட், 9 என்றால் பெக்கன்.

உணவைக் குறிக்காத சொற்களும் காலை வாரும். லக்தாந்தே என்றால் பாலூட்டும் தாய் என்று தோன்றும். பெரும்பாலும் கைக்குழந்தையைத்தான் குறிக்கும். வைட்டமின் டி 400 யூனிட் என்று எதிரில் இருந்தால் அது குழந்தையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கொன்செர்வாந்தே என்றால் கெடாமல் காக்கும் பொருள். ப்ரெஸெர்வதீவோ என்றால் ஆணுறை, ஆகவே எதிர்த்திசையில் பெயர்ப்பவர்களும் உஷார். தியேத்தா அஸ்த்ரிங்ஹெந்தேவை அஸ்ட்ரிஞ்சென்ட் டயட் என்று எழுதினால் ஆங்கிலேயர் எவருக்கும் விளங்காது. வயிற்றுப்போக்குக்கான, நார் குறைந்த உணவு என்று விரித்து எழுதுங்கள். கொமீதா ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் மதிய உணவையும் குறிக்கும். அல்முவெர்சோ சில இடங்களில் மதியச் சாப்பாடு, ஸ்பெயினின் சில பகுதிகளில் முற்பகல் சிற்றுண்டி. மருந்தை எந்த வேளையோடு எடுப்பது என்று இருந்தால் மணிநேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எண்களில் ஒன்றே ஒன்று. புரோபயாட்டிக், அதாவது நன்மை தரும் நுண்ணுயிர்கள் அடங்கிய பொட்டலத்தில் "10 மில் மியோனெஸ் யு.எஃப்.சி." என்றிருக்கும். யு.எஃப்.சி. என்பது உயிருள்ள நுண்ணுயிர்களை எண்ணும் அலகு. மில் மியோனெஸ் நமக்கு நூறு கோடி, ஆங்கிலத்தில் பில்லியன். ஸ்பானிய பியோன் லட்சம் கோடி, ஆங்கிலத்தில் டிரில்லியன். ஒலி ஒத்துப்போகிறதே என்று பியோனைப் பில்லியன் ஆக்கினால் ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். யு.எஃப்.சி.யையும் சி.எஃப்.யு. என்று திருப்பிப்போட மறக்காதீர்கள். அப்படியே விட்டால் வாசகர் அதே பெயரிலுள்ள கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைப் போட்டியை நினைப்பார்.

சில சொற்களைப் பெயர்க்காமல் விடுவதே மேல். பனேலாவுக்கு பிரவுன் சுகர் என்று எழுதுவோர் உண்டு. கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் சுத்திகரித்த சர்க்கரையில் மொலாசஸைத் திரும்பக் கலந்தது. பனேலா கரும்புச்சாற்றைக் காய்ச்சி அச்சில் வார்த்தது, நம் அச்சுவெல்லம்தான். ஜாகரி என்றால் இந்திய வாசகருக்கு உடனே புரியும், டெக்சாஸ்காரருக்குப் புரியாது. பனேலா என்றே வைத்து, முதல் முறை வரும்போது "சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை" என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். கஸ்பாச்சோ (குளிர்ந்த தக்காளி சூப்), நோபால் (சப்பாத்திக்கள்ளி மடல்), சொரீசோ (பன்றி இறைச்சி சாசேஜ்) எல்லாம் இப்படித்தான். சொரீசோவுக்கு மட்டும் நாட்டையும் சேர்த்து எழுதுங்கள்: ஸ்பெயினுடையது பெரும்பாலும் உலர்த்திப் பதப்படுத்தியது, மெக்சிகோவுடையது சமைக்க வேண்டிய பச்சை இறைச்சி.

பொது அகராதியை இந்த வேலைக்கு நம்புவதில் பயனில்லை. லேபிள் சொற்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஒழுங்குமுறையை யூர்-லெக்ஸ் தளத்தில் ஸ்பானியமும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒவ்வாமைப் பட்டியல் முழுக்க அதிலேயே இருக்கிறது, மரக்கொட்டைகளுக்கு அறிவியல் பெயரோடு. உணவின் எண்ணைச் சரிபார்க்க ஸ்பெயினுக்கு பெத்கா தரவுத்தளம், மத்திய அமெரிக்காவுக்கு இன்காப் அட்டவணை, ஆங்கிலப் பக்கம் அமெரிக்க வேளாண் துறையின் ஃபுட்டேட்டா சென்ட்ரல். இரண்டு பக்க எண்களும் பெரிதாக விலகினால் சொல்லைத் திரும்பப் பாருங்கள்.

அப்படியும் தீராவிட்டால் வாடிக்கையாளருக்கு எழுத வேண்டியதுதான். "மந்தேக்கா என்றால் என்ன?" என்று கேட்டால் "மந்தேக்காதான்" என்று பதில் வரும். "12ஆம் பக்கம், மூன்றாம் வரி: இது பாலிலிருந்து எடுத்ததா, பன்றியிலிருந்து எடுத்ததா? இந்த 10 கிராமுக்கு எத்தனை கிலோகலோரி கணக்கிட்டீர்கள்?" என்று கேளுங்கள்.